ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் எலும்பு மருந்தை எடுக்கும் முறை

முடக்குவாதம், லூபஸ், ஆஸ்துமா என்று எதற்காக இருந்தாலும், பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு தினமும் 2.5 மி.கி.யோ அதற்கு மேலோ மூன்று மாதம் தாண்டிப் போகும் என்றால், எலும்பைப் பற்றி மருத்துவரிடம் முதல் சீட்டிலேயே கேட்டுவிடுங்கள். எலும்பு வேகமாகக் கரைவது முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில்தான். வலியே இருக்காது. முதுகெலும்பு நசுங்கியபின்தான் பலருக்குத் தெரியவருகிறது. அதற்குப் பயந்து ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தக் கூடாது. திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

படி 1: ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி, சிறுநீரகம் எப்படி என்று காட்டும் கிரியாட்டினின் பாருங்கள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுங்கள். ஸ்கேனில் அளவு சுமாராக இருந்தாலும், ஸ்டீராய்டு எடுப்பவருக்கு எலும்பு முறிவதுண்டு. சொத்தைப் பல் பிடுங்குவது இருந்தால் இப்போதே முடித்துவிடுங்கள்.

படி 2: சாப்பாட்டையும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,000 முதல் 1,200 மி.கி. கால்சியம் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மி.கி. இருக்கிறது. கால்சியம் கார்பனேட் மாத்திரை என்றால் சாப்பாட்டோடு போடுங்கள். 60,000 யூனிட் வைட்டமின் டி பெரும்பாலும் வாரம் ஒருமுறைக்குத்தான் எழுதித் தருவார்கள். தினசரி மாத்திரை என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள்.

படி 3: பலருக்கும் முதலில் தருவது அலெண்ட்ரோனேட் 70 மி.கி., வாரம் ஒன்று. தப்பு நடப்பது இங்கேதான். இந்த மருந்து வெறும் வயிற்றிலேயே நூற்றில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. காபியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும். தஞ்சாவூர், கும்பகோணம் வீடுகளில் கண் விழித்ததும் டிகிரி காபி என்பது எங்களுக்கும் தெரியும். அந்த ஒரு நாள் மட்டும் காபி அரைமணி நேரம் காத்திருக்கட்டும்.

எழுந்ததும் பெரிய டம்ளர் நிறைய, 200 மி.லி. சாதாரணத் தண்ணீரில் மாத்திரையை முழுசாக விழுங்குங்கள். கடலோரப் பக்கத்து உப்பு போர் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள கால்சியமும் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு அரைமணி நேரம் உட்காரலாம், நிற்கலாம், நடக்கலாம். படுக்கக் கூடாது. வாசல் தெளித்துக் கோலம் போடக் குனிவதும், நாற்றுப் பறிக்கப் போவதும் அதற்கப்புறம்தான். மாத்திரை மேலே எதுக்களித்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடும். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை மதியத்துக்கு மாற்றிவிடுங்கள்.

மறந்துவிட்டால் மறுநாள் காலை ஒன்று போட்டு, அடுத்த வாரம் பழைய கிழமைக்கே திரும்புங்கள். ஒரே நாளில் இரண்டு கூடாது.

படி 4: விழுங்க முடியாதவர்களுக்கு சோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி., வருடம் ஒருமுறை டிரிப்ஸில். முதல் மூன்று நாள் காய்ச்சல், உடம்புவலி வரலாம், பாராசிட்டமாலில் அடங்கும். கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரகச் செயல்திறன் நிமிடத்துக்கு 35 மி.லி.க்குக் கீழே இருந்தால் இதுவும் அலெண்ட்ரோனேட்டும் பொதுவாகத் தருவதில்லை.

டெனோசுமாப் 60 மி.கி. ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. நடவு, அறுப்பு என்று தேதியைத் தள்ளினால் கரைவது திரும்ப வேகமெடுத்து, முதுகெலும்புகள் வரிசையாக நசுங்கலாம். நிறுத்துவதாக இருந்தால் மாற்று மருந்து கேட்டு வாங்குங்கள்.

ஏற்கெனவே முறிவு கண்டவர்களுக்கு டெரிபாரடைட் 20 மைக்ரோகிராம், தினமும் தோலுக்கடியில் போடும் பேனா ஊசி. இது புது எலும்பை வளர்ப்பது, விலை அதிகம். ஃப்ரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. திறந்த பேனா 28 நாளுக்குத்தான்.

எலும்பு கரைவதைத் தடுக்கும் மருந்துகளை (அலெண்ட்ரோனேட், சோலெட்ரானிக் அமிலம், டெனோசுமாப்) எடுக்கும்போது, அடிபடாமலே தொடையிலோ இடுப்புக் கவட்டியிலோ வலி நீடித்தால் எக்ஸ்ரே எடுங்கள், இரண்டு தொடைக்கும் சேர்த்தே.