போர்ச்சுகல் வைன் ரோட் ட்ரிப்: ஒரு நாளைக்கு ரெண்டு வைனரி போதும்

போர்ச்சுகல்ல வைன் ஊரெல்லாம் கார்ல சுத்தலாம்னு கெளம்புறவங்க மொதல்ல பண்ற வேலை மேப்ப தொறந்து ஒரு நாளைக்கு அஞ்சு வைனரின்னு புள்ளி வைக்கிறது. வேணாம். ஒரு வைனரி விசிட்னா கிளாஸ்ல ஊத்தி குடிச்சிட்டு கெளம்புறது இல்ல, தோட்டத்த காட்டுவாங்க, பீப்பா அடுக்கி வச்ச ரூமுக்கு கூட்டிட்டு போவாங்க, அந்தக் குடும்பத்து கதைய சொல்லுவாங்க, அப்புறம்தான் டேஸ்டிங், எல்லாம் சேந்து ஒன்றரை மணி ரெண்டு மணி நேரம் ஓடிடும். மூணாவது எடத்துக்கு போறப்ப நாக்குல எல்லாமே ஒரே ருசியா இருக்கும். காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, நடுவுல நல்ல சாப்பாடு, இதான் கணக்கு.

இன்னொரு காரணமும் இருக்கு, அது சட்டம். அங்க வண்டி ஓட்டுறவங்க ரத்தத்துல ஆல்கஹால் ஒரு லிட்டருக்கு 0.5 கிராமுக்கு கீழ இருக்கணும், லைசென்ஸ் வாங்கி மூணு வருஷம் ஆகாதவங்களுக்கு 0.2 தான், 1.2 தொட்டா அபராதத்தோட போகாது, கிரிமினல் கேஸ். அங்க ஃபேமஸான போர்ட்ங்கற இனிப்பு வைன் சாதாரண வைன் மாதிரி 13, 14 சதவீதம் கெடையாது, 19லேர்ந்து 22 வரைக்கும் போகும், சின்ன கிளாஸ் தானேன்னு நாலு வகை குடிச்சா எங்க நிக்கிறோம்னே தெரியாது.

அதனால நான் சொல்ற பிளான் இதுதான்: நடந்தே வைனரிக்கு போற மாதிரி ஊரா பாத்து ரூம் போடுங்க, காரை ஊர்விட்டு ஊர் போறதுக்கு மட்டும் எடுங்க. போய் சேந்ததும் சாவிய பையில போட்டுட்டு மறந்துடுங்க. கூட வர்றவங்கள்ல யாராவது குடிக்காதவங்க இருந்தா ரொம்ப நல்லது, அவங்கள தலைல வச்சு கொண்டாடுங்க, ஏன்னா நெறைய வைனரில குடிக்காதவங்களுக்கு கிரேப் ஜூஸோ அவங்க தோட்டத்து ஆலிவ் ஆயிலோ குடுத்து கவனிப்பாங்க.

எப்ப போறதுன்னு கேட்டா, செப்டம்பர் தான் எல்லாரும் சொல்லுவாங்க, அறுவடை சீசன், தோட்டத்துல ஆள் நடமாட்டம் இருக்கும், வண்டி வண்டியா திராட்சை வந்து எறங்கும், பாக்க சூப்பரா இருக்கும். ஆனா அப்பதான் ரூம் வாடகையும் உச்சத்துல இருக்கும், வைனரிக்காரங்களும் உங்களுக்கு நேரம் ஒதுக்க முடியாம ஓடிட்டு இருப்பாங்க. என் ஓட்டு மே மாசத்துக்கும் அக்டோபர் கடைசிக்கும் தான், மே மாசம் கொடியெல்லாம் பச்சைப்பசேல்னு, அக்டோபர் கடைசில இலையெல்லாம் மஞ்சளும் செவப்புமா மலை முழுக்க. ஜூலை ஆகஸ்ட் மட்டும் தவிர்த்துடுங்க, வடக்க டோரு ஆத்துப் பள்ளத்தாக்குலயும் தெக்க அலென்டெஜு சமவெளிலயும் 40 டிகிரி சர்வ சாதாரணம்.

கார் விஷயம். ரோட்டுல வலது பக்கம் ஓட்டணும், நம்மூர்ல இடது பக்கம் ஓட்டி பழகினவங்களுக்கு மொத நாள் ரவுண்டானால தான் கை நடுங்கும். அங்க ஒரு ரூல், மொத எக்ஸிட்லயே வெளிய போறதா இருந்தா மட்டும்தான் வெளி லேன், இல்லன்னா உள் லேன்ல சுத்திட்டு அப்புறமா வெளிய வரணும். வாடகை கார் பெரும்பாலும் மேனுவல் தான், ஆட்டோமேட்டிக் வேணும்னா முன்னாடியே சொல்லி வைங்க, காசும் கூட ஆகும். பெரிய எஸ்யூவி எடுக்காதீங்க ப்ளீஸ், மலை மேல இருக்குற வைனரிக்கு போற ரோடு ஒரு கார் போற அகலம் தான், எதிர்ல டிராக்டர் வந்தா நீங்கதான் ரிவர்ஸ் எடுக்கணும். நம்ம லைசென்ஸோட இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட்டும் எடுத்துட்டு போங்க. டோலுக்கு வியா வெர்டேன்னு ஒரு சின்ன டப்பா கண்ணாடில ஒட்டி இருக்கும், அத ஆக்டிவேட் பண்ண சொல்லி வண்டி எடுக்கும்போதே கேட்டுக்குங்க. 2025 ஜனவரிலேர்ந்து A24, A25 மாதிரி நாட்டோட உள்பக்கம் போற ஹைவே சிலதுல டோல் எடுத்துட்டாங்க, ஆனா லிஸ்பன் போர்ட்டோ A1ல இன்னும் கட்டணும்.

இப்ப ரூட். போர்ட்டோல எறங்கின உடனே கார் எடுக்காதீங்க, அங்க பார்க்கிங் தலைவலி, தேவையும் இல்ல. 1886ல கட்டின லூயிஸ் பாலத்துல நடந்து ஆத்த தாண்டினா விலா நோவா டி காயா, போர்ட் கம்பெனிங்களோட கிடங்கெல்லாம் அங்கதான் வரிசையா இருக்கு. மலை மேல டோருல வைன் பண்ணி, அந்தக் காலத்துல ரபேலோன்னு சொல்ற தட்டையான படகுல பீப்பாய ஏத்தி ஆத்து வழியா இங்க கொண்டு வந்து வருஷக்கணக்கா ஊற வச்சாங்க, ஏன்னா கடல் காத்து இருக்கறதால இங்க சூடு கம்மி. 1986 வரைக்கும் போர்ட் வைன ஏத்துமதி பண்ணனும்னா இந்த காயா வழியா தான் போகணும்னு சட்டமே இருந்துச்சு. மொத நாள் இங்க ஒரு கிடங்கு பாத்துட்டீங்கன்னா போர்ட் எப்படி பண்றாங்கன்னு புரிஞ்சிடும்: திராட்சை சாறு பாதி புளிச்சிட்டு இருக்கும்போதே 77 சதவீத திராட்சை சாராயத்த ஊத்தி நொதிக்கிறத நிறுத்திடுறாங்க, மிச்சம் இருக்குற சக்கரை அப்படியே நின்னுடுது, அதான் அந்த இனிப்பு. இதுல ரூபின்னு ஒரு வகை, பெரிய தொட்டில கொஞ்ச நாள், பழ வாசனை தூக்கலா இருக்கும். டானிங்கறது இன்னொரு வகை, சின்ன பீப்பால பல வருஷம், நெறம் மங்கி பாதாம் கேரமெல் வாசனை வரும். லேபிள்ல 10, 20 வருஷம்னு போட்டிருந்தா அது பெரும்பாலும் டானி தான். எனக்கு 20 வருஷ டானி போதும், 40 வருஷத்துக்கு குடுக்குற காசுக்கு வித்தியாசம் தெரியற நாக்கு எனக்கு இல்ல.

அடுத்த நாள் காலைல கார் எடுத்துட்டு டோரு பள்ளத்தாக்கு. A4ல போனா மரோன் மலைய கொடஞ்சு போட்ட டனல், அஞ்சரை கிலோமீட்டருக்கு மேல, 2016ல தொறந்தது, அத தாண்டினதும் வெயிலும் மண்ணும் மாறிடும். ரெகுவால எறங்கி ஆத்து ஓரமா N222 ரோட்டுல பின்யாவ் வரைக்கும் 27 கிலோமீட்டர், ஒரு வாடகை கார் கம்பெனி 2015ல ஏதோ ஃபார்முலா போட்டு உலகத்துலயே ஓட்டறதுக்கு சிறந்த ரோடு இதான்னு சொல்லி வச்சதால செம ஃபேமஸ். ரோடு நல்லாதான் இருக்கு, ஆனா ஆத்து மட்டத்துல போறதால மலை மேல என்ன இருக்குன்னு முழுசா தெரியாது. நெஜமான காட்சி வேணும்னா மேல ஏறணும், பின்யாவ்க்கு மேல கசால் டி லொய்வோஸ்னு ஒரு வியூபாயிண்ட், ரெகுவா பக்கம் கலஃபுரால ஒண்ணு. மேலேர்ந்து பாத்தா மலை மொத்தமும் படிக்கட்டு படிக்கட்டா செதுக்கி இருக்கும், அந்த சுவரெல்லாம் சிமெண்ட் இல்லாம கல்ல கல்லு மேல வச்சே கட்டினது. 1756லயே இந்த பள்ளத்தாக்குக்கு எல்லை போட்டு இங்க வெளையறது தான் போர்ட்னு சட்டம் போட்டுட்டாங்க, 2001ல யுனெஸ்கோ லிஸ்ட்லயும் சேத்துட்டாங்க.

மண்ண கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. மண்ணே இருக்காது, எல்லாம் ஷிஸ்டுன்னு சொல்ற அடுக்கு அடுக்கான பலகைக் கல்லு, கையில எடுத்தா சிலேட்டு மாதிரி தகடு தகடா பிரியும். அந்த வெடிப்புல தான் வேர் தண்ணி தேடிட்டு கீழ கீழ போகுது, பகல்ல வாங்கின சூட்ட ராத்திரி கொடிக்கு திருப்பி குடுக்குது. பழைய தோட்டத்துல கொடி கட்டுற கம்பம் கூட அந்தக் கல்லு தான்.

தங்கறதுக்கு பின்யாவ் தான் என்னோட சாய்ஸ். சின்ன ஊரு, அஞ்சு நிமிஷத்துல சுத்தி வந்துடலாம், ரயில்வே ஸ்டேஷன் சுவர்ல நீல டைல்ஸ்ல அறுவடைக் காட்சி வரைஞ்சிருப்பாங்க, அது ஒண்ணுக்காகவே போகலாம். ஸ்டேஷன்லேர்ந்து நடந்தா கிண்டா டோ பொம்ஃபின், பாலத்த தாண்டினா கிண்டா டாஸ் கர்வால்யாஸ், ரெண்டு வைனரியும் நடந்து போற தூரம், கார் வேணாம். ரெகுவா பக்கம் வேற எங்கயாச்சும் புக் பண்ணிருந்தா ஆத்த ஒட்டியே போற ரயில்ல போயிட்டு வந்துடலாம், போர்ட்டோலேர்ந்து வர்ற அதே லைன் தான், ஒரு நாளைக்கு சில ரயில் தான் ஓடும், டைம்டேபிள் பாத்து வச்சுக்குங்க. சும்மா போய் கதவ தட்டினா திருப்பி அனுப்பிடுவாங்க, எல்லாமே புக்கிங் தான், வெப்சைட்ல நேரம் பாத்து போடுங்க, சின்ன வைனரின்னா ஈமெயில் ஒண்ணு தட்டி விடுங்க, பதில் வர ரெண்டு நாள் ஆகும். டூரும் டேஸ்டிங்கும் சேத்து சாதாரணமா 20, 30 யூரோ ஆகும், பழைய போர்ட் கேட்டா ஏறும்.

டூர்ல லகார் காட்ட சொல்லி கேளுங்க. கிரானைட் தொட்டி, முட்டி ஒசரத்துக்கு மேல, அதுல திராட்சைய கொட்டி ஆளுங்க தோள் மேல கை போட்டு வரிசையா நின்னு மிதிப்பாங்க, மொதல்ல எண்ணி எண்ணி மெதுவா அடி எடுத்து வைக்கணும், அப்புறம் பாட்டுப் போட்டு ஆட விட்டுருவாங்க. நல்ல போர்ட்டுக்கு இன்னும் சில எடத்துல கால் தான், ஏன்னா கால்ல மிதிச்சா தோல் நல்லா நசுங்கும், ஆனா கசப்பான கொட்டை ஒடையாது. அறுவடை டைம்ல போனா டூரிஸ்டயும் எறக்கி விடுறாங்க, காசு வாங்கிட்டு தான். அரை டவுசர் போட்டுட்டு போங்க, கால் ரெண்டு நாளைக்கு ஊதா கலர்ல இருக்கும்.

டோருலேர்ந்து தெக்க அலென்டெஜு போறது நெடுந்தூரம், ஒரே மூச்சுல ஓட்டாதீங்க. நடுவுல டாவ் ஏரியா வரும், விசேயு ஊருல ஒரு ராத்திரி தங்கலாம், கிரானைட் மண்ணு, வைன் டோருவ விட கொஞ்சம் மெல்லிசா இருக்கும். கறி சாப்பிடுறவங்க பைர்ராடா வழியா போங்க, மெயலாடால பன்னிக்குட்டி ரோஸ்ட் போட்டு அந்த ஊரு ஸ்பார்க்ளிங் வைன் ஊத்துவாங்க, கொழுப்புக்கு அந்த புளிப்பும் நொரையும் சரியா எறங்கும்.

அலென்டெஜு வேற ஒலகம். மலை கெடையாது, சமவெளி, நேர் ரோடு, வைனரிக்கு பேரு கூட கிண்டா இல்ல, எர்டாட்னு போர்டு இருக்கும். எவோரால ரூம் போட்டா ஊர் பாக்க நல்லது, ஆனா வைனுக்கு ரெகேங்கோஷ் பக்கம் போகணும், எஸ்பொராவ்ங்கற வைனரி அங்கதான். நான்னா மொன்சராஷ்ல தங்குவேன், குன்று மேல கோட்டை சுவருக்குள்ள ஒரு குட்டி கிராமம், கீழ அல்கேவா ஏரி, சுத்தி பெரிய ஊரே இல்லாததால ராத்திரி வானம் அப்படி இருக்கும். இங்க நடந்து போற வைனரி கஷ்டம், அதனால டாக்சி சொல்லி வச்சுக்குங்க, இல்ல வைனரிலயே ரூம் இருந்தா அங்கயே தங்கிடுங்க. அலிகாண்ட் புஷேன்னு ஒரு திராட்சை இங்க நெறைய, சாதாரண கருப்பு திராட்சைய நசுக்கினா சாறு வெள்ளையா தான் வரும், இத நசுக்கினா ரத்தம் மாதிரி செவப்பா வரும், தோட்டத்துல விட்டா ஒண்ணு பிச்சு பாத்துக்குங்க, கேட்டுட்டு தான்.

நவம்பர்ல போற மாதிரி இருந்தா அலென்டெஜுலயே விடிகேரா பக்கம் விலா டி ஃப்ராட்ஸ் போங்க. ஆளு ஒசரத்துக்கு மண் பானைல திராட்சைய தோலோட போட்டு புளிக்க வைப்பாங்க, தோல் மேல மெதக்கும், அத கட்டையால தெனமும் அமுக்கி விடணும், புளிச்சு முடிஞ்சதும் தோல் தானா அடில படிஞ்சிடும், அடில ஒரு ஓட்டை போட்டு மரக் குழாய் சொருகினா அந்த தோலே வடிகட்டி மாதிரி நின்னு தெளிஞ்ச வைனா சொட்டும். ரோமானியர் காலத்துலேர்ந்து வர்ற முறை. நவம்பர் 11, சாவ் மார்டினு நாள்ல தான் பானைய தொறப்பாங்க.

ரோட்டோரம் நிக்கிற மரத்துல பாதி கார்க் மரம், அடி மரம் தோல் உரிச்ச மாதிரி செம்மண் கலர்ல இருக்கும், அதுல வெள்ளை பெயிண்ட்ல ஒரு எண் எழுதி இருக்கும். 3ன்னு இருந்தா 2023ல உரிச்சதுன்னு அர்த்தம், ஒம்போது வருஷம் கழிச்சு தான் திரும்ப தொடலாம்.

லிஸ்பன் திரும்பற வழில அசைடாவ்ல நிறுத்துங்க, 1834லேர்ந்து இருக்குற ஜோஸே மரியா டா ஃபொன்சேகா கம்பெனியோட கிடங்கு மெயின் ரோட்டுலயே இருக்கு, மொஸ்கடெல் இனிப்பு வைன், கூடவே அந்த ஊரு செம்மறி ஆட்டுப்பால் சீஸ், மேல் தோல வெட்டி ஸ்பூன்ல எடுத்து சாப்பிடணும்.

டேஸ்டிங் டேபிள்ல ஒரு விஷயம், பக்கத்துல வச்சிருக்குற பக்கெட் துப்பறதுக்கு தான், கூச்சப்படாதீங்க, வைன் பண்றவங்களே துப்பிட்டு தான் இருப்பாங்க. வெள்ளைல ஆரம்பிச்சு செவப்பு, கடைசில இனிப்பு, வரிசை மாத்தினா ருசி கெட்டுரும். ரெஸ்டாரண்ட்ல உக்காந்ததும் கேக்காமலே பிரெட், ஆலிவ், சீஸ் கொண்டு வந்து வைப்பாங்க, அது ஃப்ரீ இல்ல, வேணாம்னா தொடாம திருப்பி குடுத்துடலாம். வெஜிடேரியன்ஸ் முன்னாடியே சொல்லி வைங்க, காய்கறி சூப்ல கூட சோரிசுன்னு சொல்ற பன்னி சாசேஜ் துண்டு கெடக்கும்.

பாட்டில் வாங்கினா வெயில்ல டிக்கில வச்சுட்டு நாள் முழுக்க சுத்தாதீங்க, ரூமுக்கு எடுத்துட்டு போங்க. ஃப்ளைட்ல செக்-இன் பேக்ல துணி சுத்தி வைக்கணும், ஹேண்ட் லக்கேஜ்ல விட மாட்டாங்க. இந்தியாவுக்குள்ள ட்யூட்டி இல்லாம ஒரு ஆளுக்கு ரெண்டு லிட்டர் தான், அதாவது ரெண்டு முழு பாட்டிலும் ஒரு அரை பாட்டிலும், அந்த அரை பாட்டில் எடத்துக்கு 20 வருஷ டானி சரியா பொருந்தும்.