நேற்றைய தோழர் இன்று அமைச்சர்: புதிய குடியாட்சியில் மக்கள் அமைப்புகள் அரசோடு பழகும் முறை

நிறவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய காலத்தில், தாங்கள் யாரை எதிர்க்கிறோம் என்பதில் தென்னாப்பிரிக்க மக்கள் அமைப்புகளுக்குக் குழப்பமே இருந்ததில்லை. குழப்பம் 1994 தேர்தலுக்குப் பிறகுதான் வந்தது. 1983-இல் கேப் டவுனின் மிட்செல்ஸ் ப்ளெய்ன் பகுதியில் தொடங்கி, நூற்றுக்கணக்கான குடியிருப்புக் குழுக்களையும் மாணவர் சங்கங்களையும் திருச்சபைகளையும் ஒரே குடையின்கீழ் கொண்டுவந்த ஐக்கிய ஜனநாயக முன்னணி, 1991-இல் கலைக்கப்பட்டது. அதன் முன்னணியினர் பலர் நாடாளுமன்றத்துக்கும் அமைச்சகங்களுக்கும் போனார்கள். அதுவரை அமைப்புகளுக்கு நேரடியாக வந்துகொண்டிருந்த வெளிநாட்டு நிதியில் பெரும்பகுதி புதிய அரசின் பக்கம் திரும்பியதால், பல அமைப்புகள் கதவடைத்தன. நேற்றுவரை தங்களோடு சிறையில் இருந்தவர் இன்று அமைச்சராக இருக்கிறார். அவருடைய துறை தவறு செய்தால் எப்படிக் கேட்பது என்ற கேள்வி எஞ்சியவர்கள் முன் நின்றது.

அந்தக் கேள்விக்கு அவர்கள் கண்டடைந்த வழிகளையே இங்கே எழுதுகிறேன். சட்டங்களும் கெடுக்களும் தென்னாப்பிரிக்காவுக்கு உரியவை. ஆனால் அவற்றுக்கு அடியில் உள்ள வேலைமுறை எந்தப் புதிய குடியாட்சியிலும் சிறு அமைப்புகளுக்குக் கைகொடுக்கும்.

முதலில், அரசு நமக்கு நண்பனா பகைவனா என்று மொத்தமாகத் தீர்மானிப்பதைக் கைவிடுங்கள். ஒவ்வொரு விஷயத்தையும் தனித்தனியே எடுத்து, இதில் அரசின் நிலைப்பாடு நம் மக்களுக்கு உதவுமா என்று மட்டும் பாருங்கள். எச்.ஐ.வி. சிகிச்சைக்காக 1998 டிசம்பர் 10 அன்று கேப் டவுனில் தொடங்கப்பட்ட ட்ரீட்மென்ட் ஆக்‌ஷன் கேம்பெய்ன் என்ற அமைப்பு (டிஏசி) இதை நடத்திக் காட்டியது. மலிவு விலை மருந்துகளுக்கு வழிவிடும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தத்தை எதிர்த்துப் பன்னாட்டு மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தபோது, டிஏசி நீதிமன்றத்துக்கு உதவும் தரப்பாக நுழைந்து அரசின் சட்டத்துக்காக வாதாடியது. 2001 ஏப்ரலில் 39 நிறுவனங்களும் வழக்கைத் திரும்பப் பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் அதே டிஏசி அதே அரசின் மீது வழக்குத் தொடுத்தது. பிரசவ வலி தொடங்கும்போது எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு ஒரு மாத்திரையும், பிறந்த மூன்று நாளுக்குள் குழந்தைக்குச் சில துளி மருந்தும் கொடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். நெவிரபின் என்ற அந்த மருந்தை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தர அதைத் தயாரித்த நிறுவனமே முன்வந்திருந்தும், மாகாணத்துக்கு இரண்டு என்று 18 இடங்களுக்கு வெளியே அரசு மருத்துவமனைகளில் அதைக் கொடுக்க அரசு அனுமதிக்கவில்லை. அந்தத் தடையைத்தான் டிஏசி எதிர்த்தது. இதை முரண்பாடு என்று யாராவது சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள். முதல் வழக்கில் அரசோடு நின்றவர்கள் என்பதால்தான், இரண்டாவது வழக்கில் அவர்களை அந்நியக் கைக்கூலி என்று ஒதுக்கிவிடுவது எளிதாக இருக்கவில்லை.

பதிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1997-ஆம் ஆண்டின் லாப நோக்கற்ற அமைப்புகள் சட்டத்தின்கீழ், உள்நாட்டில் மட்டும் இயங்கும் அமைப்பு பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும், செய்துவிடுங்கள். நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதத்துக்குள் ஆண்டறிக்கை போக வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். கணக்கு சுத்தமாக இல்லாத அமைப்பு அரசிடம் கணக்குக் கேட்க முடியாது. அரசின் நிதியை வாங்கலாமா என்பதில் என் கருத்து கறாரானது: எந்தத் துறையைக் கேள்வி கேட்கப் போகிறீர்களோ, அந்தத் துறையின் பணத்தில் உங்கள் அலுவலக வாடகை போகக் கூடாது. மருந்து விலைக்காகப் போராடிய டிஏசி மருந்து நிறுவனங்களிடம் காசு வாங்கியதில்லை.

அடுத்தது காகிதம். தகவல் பெறும் உரிமையைத் தென்னாப்பிரிக்க அரசமைப்பின் 32-ஆம் பிரிவு தருகிறது; அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2000-இல் வந்தது, நம்முடைய தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாகவே. விண்ணப்பத்துக்கு 30 நாளில் பதில் வர வேண்டும். இங்கே பலரும் செய்யும் தவறு, "இத்திட்டம் தொடர்பான அனைத்து ஆவணங்களும்" என்று கேட்பது. அப்படிக் கேட்டால் மறுப்பதற்கு அலுவலருக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்தது போலாகும். ஒப்பந்தத்தின் நகல், பணி அட்டவணை, குறிப்பிட்ட ஒரு மாதத்தின் பில் தொகைகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அலுவலகப் படியிறங்காதீர்கள். ஒரு முடிவு உங்கள் மக்களைப் பாதித்திருந்தால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்கும் உரிமையும் 2000-ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தில் இருக்கிறது. 90 நாளுக்குள் கேட்டுவிட வேண்டும்.

கையில் வந்த காகிதத்தைத் தெருவுக்குக் கொண்டுபோவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கேப் டவுனின் கயெலிட்ஷாவில் 2013 ஏப்ரலில் குடியிருப்பாளர்கள் நடத்திய சமூகத் தணிக்கை இதற்கு நல்ல பாடம். ராஜஸ்தானில் வளர்ந்த முறையை அவர்கள் தங்கள் ஊருக்கு ஏற்ப எடுத்துக்கொண்டார்கள். நகராட்சி ஒரு நிறுவனத்துக்குப் பணம் கொடுத்துத் தற்காலிகக் கழிப்பிடங்களை வைத்திருந்தது. ஒப்பந்தத்தைப் படித்து, எத்தனை கழிப்பிடங்கள், எத்தனை நாளுக்கொரு முறை சுத்தம் செய்ய வேண்டும் என்பதையெல்லாம் எளிய கேள்விகளாக மாற்றி, குழுக்களாகப் பிரிந்து சந்து சந்தாகப் போனார்கள். கதவு மூடுகிறதா, தரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறதா, கடைசியாக எப்போது கழிவு எடுத்தார்கள் என்று ஒவ்வொன்றின் முன்னும் நின்று எழுதினார்கள். பயன்படுத்தும் பெண்களிடம் கேட்டு எழுதினார்கள். பிறகு பொதுவிசாரணை நடத்தி, அதிகாரிகளை அழைத்து, அவர்கள் முன்னிலையில் படித்தார்கள். "வசதி மோசம்" என்று மனுக் கொடுத்தால் "ஆவன செய்யப்படும்" என்று பதில் வரும். உங்கள் ஒப்பந்தத்தின் இந்த வரி இந்தத் தெருவில் நடக்கவில்லை என்று சொன்னால் அப்படிப் பதில் சொல்ல முடியாது. நீங்கள் செய்யும்போது கேள்விகள் பத்துப் பதினைந்தைத் தாண்ட வேண்டாம். கேட்கப் போகிறவர்கள் அந்தத் தெருக்காரர்களாகவே இருக்கட்டும்.

நேரம் பார்த்துப் போவதும் ஒரு கலை. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. வரவு செலவுத் திட்டத்தின் வரைவு மார்ச் முடிவுக்குள் மன்றத்தில் வைக்கப்பட்டு மக்கள் கருத்துக்கு விடப்படும். ஏப்ரலில் கூட்டத்துக்குப் போய்த் தெருவிளக்குக் கேட்பவர்களுக்கு வணக்கம் கிடைக்கும், விளக்குக் கிடைக்காது. பணம் ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே வார்டு குழுவிலும் ஐந்தாண்டு வளர்ச்சித் திட்டத்தின் மீளாய்விலும் உங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். அது அந்தக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பில் ஏறியதா என்பதையும் படித்துப் பாருங்கள்.

சட்டம் இயற்றும்போது மக்களைக் கேட்பது அரசின் தயவு என்று நினைக்க வேண்டாம். 2006 ஆகஸ்டில் அரசமைப்பு நீதிமன்றம், மாகாணங்களில் மக்கள் கருத்தைக் கேட்க உரிய ஏற்பாடு செய்யாமல் நிறைவேறிய இரண்டு சுகாதாரச் சட்டங்களைச் செல்லாதவை என்று அறிவித்து, சரிசெய்ய 18 மாதம் கொடுத்தது. ஆகவே விசாரணைக் கூட்டத்துக்கு அழைப்பு எத்தனை நாள் முன்பு வந்தது, எந்த மொழியில் வந்தது, எவ்வளவு தூரத்தில் நடந்தது என்பதைக் குறித்து வையுங்கள்.

ஊர்வலம் போகத்தான் வேண்டுமென்றால், ஏழு நாள் முன்னதாக நகராட்சிக்கு அறிவிப்புக் கொடுங்கள். அது அறிவிப்புத்தான், அனுமதி கேட்பது அல்ல. கடிதத்தில் "அனுமதி வேண்டுகிறோம்" என்று எழுதி உரிமையை நீங்களே சுருக்கிக்கொள்ளாதீர்கள். அறிவிப்புக் கொடுக்காமல் கூட்டம் கூட்டியதையே குற்றமாக்கிய விதியை 2018 நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் நீக்கியது. அந்த வழக்கின் வேர், 2013-இல் கழிப்பிடத் திட்டம் கேட்டுக் கேப் டவுன் நகராட்சிக் கட்டட வாசலில் தங்களைச் சங்கிலியால் பிணைத்துக்கொண்டவர்களின் போராட்டத்தில் இருக்கிறது.

அரசு உங்களை ஆலோசனைக் குழுவில் உட்கார அழைக்கும் நாளும் வரும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய நாள் அது. 2000-இல் அமைக்கப்பட்ட தேசிய எய்ட்ஸ் மன்றத்தில் டிஏசிக்கு இடமில்லை. 2007-இல் அது மாற்றியமைக்கப்பட்டபோது டிஏசியைச் சேர்ந்த மார்க் ஹேவுட் அதன் துணைத் தலைவரானார். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் வழக்கு, ஊர்வலம், 2003 மார்ச்சில் தொடங்கிய சட்டமறுப்புப் போராட்டம் எல்லாம் நடந்திருந்தன. வலிமையோடு போய் உட்கார்வதற்கும், கூட்டப்படிக்காகப் போய் உட்கார்வதற்கும் வேறுபாடு உண்டு. போவதற்கு முன் உறுப்பினர் கூட்டத்தில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக எழுதிக்கொள்ளுங்கள்: எதைப் பெறப் போகிறோம், எதற்குக் கையெழுத்திட மாட்டோம், எப்போது எழுந்து வருவோம். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் பிரதிநிதி திரும்பி வந்து உறுப்பினர்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டும். ஒரே ஆளை ஆண்டுக்கணக்கில் அனுப்பாதீர்கள்.

நீதிமன்றத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அங்கே போகும்போது மேலே சொன்ன காகிதமெல்லாம் உங்கள் கையில் இருக்க வேண்டும் என்பதுதான். டிஏசி முதலில் கடிதம் எழுதிக் காரணம் கேட்டது. அரசின் பதிலையும் மருத்துவர்களின் சான்றுகளையும் வைத்துக்கொண்டே வழக்குக்குப் போனது. 2001 டிசம்பரில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்திலும், 2002 ஜூலை 5 அன்று அரசமைப்பு நீதிமன்றத்தில் ஒருமனதாகவும் வென்றது. வென்ற அன்று இரவு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். தீர்ப்பு வந்து மாதங்கள் கழிந்தும் ம்புமலாங்கா மாகாணம் பின்தங்கியதால், அவ்வாண்டு இறுதியில் நீதிமன்ற அவமதிப்பு நடவடிக்கைக்கு டிஏசி போக வேண்டியிருந்தது. ஆகவே தீர்ப்பின் நகலைப் படியெடுத்து, ஒவ்வொரு பிரசவ விடுதிக்கும் இருவராகப் போங்கள். மருந்து இருக்கிறதா என்று செவிலியரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அலமாரியைக் காட்டினால் எண்ணிக்கையையும், இல்லை என்றால் இல்லை என்பதையும், தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் அதே தேதியில் மீண்டும் போங்கள்.