பௌத்திரம்: தசையை வெட்டாமல் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு எப்படித் தயாராவது

பின்பக்கம் ஒரு கட்டி வரும், உடைந்து சீழ் வடியும், வலி போய்விடும், சரியாகிவிட்டது என்று நினைப்போம், கொஞ்ச நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். இப்படி இருந்தால் பெரும்பாலும் அது மூலம் இல்லை, பௌத்திரம். மன்னார்குடிப் பக்கம் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் இதை மூலம் என்றே நினைத்து இரண்டு வருடம் ஓட்டினார். மேட்டூர் திறந்துவிட்டார்கள், குறுவை நடவு முடியட்டும் என்பார், அப்புறம் சம்பா அறுப்பு முடியட்டும் என்பார். நடுவில் சுவர் விளம்பரத்தைப் பார்த்து ஒருவரிடம் ஊசி வேறு போட்டுக்கொண்டார். கடைசியில் சீழ் வடியும் ஒரு வாய் இரண்டு வாயானதுதான் மிச்சம். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து.

ஆசனவாய்க்குள் இருக்கும் சின்னச் சுரப்பியில் சீழ் பிடித்து, அது வெளித்தோல் வரைக்கும் ஒரு குழாய் மாதிரி வழி போட்டுக்கொள்கிறது. குழாயின் உள்வாய் திறந்திருக்கும் வரை மாத்திரையாலும் களிம்பாலும் அது மூடாது. குழாய் எவ்வளவு சுருக்குத் தசையைத் தாண்டிப் போகிறது என்பதுதான் முக்கியம், ஏனென்றால் மலத்தை அடக்குவது அந்தத் தசை. கொஞ்சமாகத் தாண்டியிருந்தால் பழைய முறையில் குழாயைக் கீறித் திறந்துவிடுவதே நல்லது, நவீனம் என்று பெயர் இருக்கிறதே என்று லேசருக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. அதிகத் தசையைத் தாண்டியிருந்தாலோ கிளை விட்டிருந்தாலோதான் மற்ற முறைகள்.

அதனால் கிளைகள் இருக்கும் என்று சந்தேகம் இருந்தாலும், ஒருமுறை ஆபரேஷன் செய்து திரும்ப வந்திருந்தாலும் எம்.ஆர்.ஐ. எடுக்காமல் மேஜையில் படுக்காதீர்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பொது அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போட்டுப் போங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் உங்களுக்குச் சொல்லும் ஆபரேஷனுக்கு அது செல்லுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். கட்டி பழுத்து வீங்கிக் காய்ச்சலும் இருந்தால் முதலில் சீழை வடித்துவிட்டு, சில வாரம் கழித்துத்தான் மற்றது.

முறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கேமரா முறையில் மெல்லிய குழாய்க் கேமராவை வெளிவாய் வழியே விட்டு, உள்ளே கிளைகளைக் கண்ணால் பார்த்து, சுவரைக் கரித்துச் சுத்தம் செய்து உள்வாயை மூடுகிறார்கள். இத்தாலியில் 2006-இல் தொடங்கியது இது. லிஃப்ட் என்பது தாய்லாந்து மருத்துவர்கள் 2007-இல் சொன்னது, உள், வெளி என்று இருக்கும் இரண்டு சுருக்குத் தசைக்கும் நடுவில் போய்க் குழாயைக் கட்டி அறுப்பது. லேசரில் குழாய்க்குள் இழையை விட்டு, மெதுவாக வெளியே இழுத்துக்கொண்டே சுருங்க வைக்கிறார்கள், குழாய் அகலமாக இருந்தால் அவ்வளவாகப் பலிக்காது. சித்த, ஆயுர்வேத வைத்தியத்தில் கார நூல் உண்டு, கள்ளிப்பால், நம் வரப்பில் முளைக்கும் நாயுருவியின் காரம், மஞ்சள் பூசிய நூல். வாரம் ஒருமுறை மாற்றுவார்கள், பொறுமை வேண்டும், ஆனால் முறையாகப் படித்தவரிடம் மட்டுமே செய்துகொள்ளுங்கள்.

கேமரா, லிஃப்ட், லேசர் போன்ற தசையை வெட்டாத முறைகளில் மலத்தை அடக்கும் சக்திக்கு ஆபத்து குறைவு, ஆனால் திரும்ப வரும் வாய்ப்பு கீறித் திறப்பதைவிட அதிகம். நூற்றுக்கு நூறு உத்தரவாதம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு எவ்வளவு தசை பட்டிருக்கிறது, திரும்ப வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள், இந்த இரண்டையும் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் அதை முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு முறை மலம் கழித்த பிறகும் அகலமான டப்பில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிப் பத்து, பதினைந்து நிமிடம் உட்காருங்கள். வாழைத்தண்டு, கீரை, நிறையத் தண்ணீர், தேவைப்பட்டால் இசப்கோல், மலம் இறுகவே கூடாது. புண் ஆறும் வரை ஆறு, வாய்க்கால், குளம் எதிலும் இறங்காதீர்கள், வயல் சேறும் அப்படித்தான். பைக்கும் டிராக்டரும் டாக்டர் சொல்லும்வரை வேண்டாம், நடக்கலாம். சில வாரம் கசிவு இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, நிற்காத இரத்தம், சிறுநீர் வராமல் போவது இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எடுத்த சதையைப் பயாப்ஸிக்கு, அதாவது சதைப் பரிசோதனைக்கு, அனுப்பினார்களா என்று கேட்டு, ரிப்போர்ட்டைக் கையில் வாங்குங்கள். காசநோயாலும் பௌத்திரம் வரும், அதற்கு மாத்திரை சாப்பிடாமல் எத்தனை ஆபரேஷன் செய்தாலும் ஆறாது, அந்த மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசம்.