ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் கார் ஏசி குளிராவிட்டால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கத்திரி வெயில் தொடங்கி நான்கு நாள் ஆகியிருந்தது. மறுநாள் அதிகாலை ஈரோட்டிலிருந்து திருச்செந்தூருக்குக் கிளம்ப வேண்டிய நிலையில், காரின் ஏசியிலிருந்து வெறும் காற்று மட்டுமே வருவதை மாலை ஐந்து மணிக்குத்தான் கவனித்தேன். ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர் பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “கேஸ் இல்லீங்க, புடிச்சுட்டாச் செரியாப் போயிருமுங்க” என்றார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. காற்று சில்லென்று வந்தது. நானும் மகிழ்ந்து பணம் கொடுத்தேன். தாராபுரம், ஒட்டன்சத்திரம் வரை ஒரு குறையும் இல்லை. மதுரையைத் தாண்டுவதற்குள் பழைய வெறுங்காற்றே திரும்பிவிட்டது. இருந்த கேஸ் எங்கே போயிற்று என்ற ஒரு கேள்வியை நான் அன்று கேட்காமல் விட்டதற்கான கூலி அது.

ஏசி கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்வதில்லை. கம்ப்ரஸர், கண்டென்சர், டிரையர், எக்ஸ்பான்ஷன் வால்வு, கூலிங் காயில் என்ற மூடிய சுற்றுக்குள் அதே கேஸ்தான் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. ரப்பர் குழாய்களின் வழியாகப் பல ஆண்டுகளில் சிறிதளவு குறையலாம். ஆனால் போன கோடையில் நிரப்பியது இந்தக் கோடையில் இல்லை என்றால், எங்கோ கசிவு இருக்கிறது என்பதுதான் பொருள். ஆகவே ஆண்டுதோறும் கேஸ் பிடிப்பதைச் சர்வீஸின் ஒரு பகுதியாக நினைப்பது முதல் தவறு. கசிவைக் கண்டுபிடிக்க, நைட்ரஜனை அழுத்தத்தில் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார்கள். இல்லாவிட்டால் ஒளிரும் சாயம் கலந்து தேடுவார்கள். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால், கசிவு பெரும்பாலும் அங்கேதான். எனக்கு இருந்தது, குழாய் இணைப்பை இறுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் ஒன்றில். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் இருந்திருந்தால் பல கார்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நாள் முழுக்கத் தேவைப்படலாம். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே சோதிக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கசிவை அடைத்த பிறகும் அவசரம் கூடாது. சுற்றுக்குள் புகுந்த காற்றையும் ஈரத்தையும் வேக்கும் பம்பு வைத்து வெளியேற்ற, குறைந்தது அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். ஈரம் தங்கினால் அது எக்ஸ்பான்ஷன் வால்வில் உறைந்து அடைத்துக்கொள்ளும்; எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி உள்பாகங்களை அரிக்கவும் செய்யும். அடுத்து அளவு. சிறிய கார்களுக்கு அரை கிலோவுக்கு முன்னும் பின்னுமாகத்தான் கேஸ் தேவை. எத்தனை கிராம் என்பது பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் தாளில் அச்சிட்டிருக்கும். “கொஞ்சம் சேர்த்தே போட்டு விடுங்க, நல்லாக் குளிரட்டும்” என்று கேட்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கூடுதலாக ஏற்றினால் அழுத்தம் உயர்ந்து குளிர்ச்சி குறையவே செய்யும், கம்ப்ரஸருக்கும் கேடு. கேஸின் வகை ஆர்134ஏ என்று குறித்திருக்கும் வண்டியில் விலை மலிவு என்று எரியக்கூடிய வேறு கேஸை ஏற்றச் சம்மதிக்கவே கூடாது. கசிவு கூலிங் காயிலில் ஏற்பட்டால் அது நேராக நாம் உட்கார்ந்திருக்கும் அறைக்குள்தான் வரும்.

குளிரவில்லை என்றாலே கேஸ் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஏசி எப்படிக் கெடுகிறது என்பதே பாதிப் பழுதைச் சொல்லிவிடும். பெருந்துறை நெடுஞ்சாலையில் ஓடும்போது குளிர்ந்து, காந்திபுரம் சிக்னலில் நின்றவுடன் வெப்பக் காற்று வந்தால், முதலில் முன்பக்க ஃபேன் சுற்றுகிறதா என்றும் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரில் அடைப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருப்பூர்ப் பக்கம் பஞ்சும், பொள்ளாச்சிப் பக்கம் தென்னை நார்த் தூசியும் அதில் படிய வாய்ப்புண்டு. கழுவும்போது மெதுவான நீரே போதும். அழுத்தமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். காற்று குளிர்ச்சியாக, ஆனால் மெலிந்து வந்தால், உள்ளே வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கம்ப்ரஸர் ஓடவே இல்லை என்றால், புதியது வாங்கப் பணம் கட்டுவதற்கு முன் ஃபியூஸையும் ரிலேயையும் சோதிக்கச் சொல்லுங்கள். நிழலில் நிறுத்திய வண்டியின் அடியில் சொட்டும் தெளிந்த நீரைக் கசிவு என்று எண்ணி அஞ்ச வேண்டியதில்லை. அது கூலிங் காயிலில் படிந்த ஈரம். அதே நீர் கால் வைக்கும் இடத்தில் தேங்கினால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

ஏசி சரியாகக் குளிர்கிறதா என்ற சோதனையைக் காலை ஏழு மணிக்குச் செய்து பயனில்லை. நண்பகலில், வெயிலில் நின்ற வண்டியை அப்படியே கிளப்பி, கால் மணி நேரம் நின்ற நிலையிலும், பிறகு அரை மணி நேரம் ஓட்டியும் பார்க்க வேண்டும்.

வழியில் கெட்டால், கம்ப்ரஸர் பக்கமிருந்து அரைக்கும் சத்தம் வருகிறதா என்று முதலில் கவனியுங்கள். வந்தால் ஏசி பொத்தானை உடனே அணைத்துவிட வேண்டும். கம்ப்ரஸர் இறுகிப் பெல்ட் அறுந்தால், பல கார்களில் அதே பெல்ட்டில் ஓடி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரும் நின்று, வண்டியே நடுவழியில் நின்றுவிடும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் வெப்பமானி முள் உயர்ந்தாலும் முதல் வேலை ஏசியை அணைப்பதுதான். பிறகு ஓரமாக நிறுத்தி ஆறவிட வேண்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பது முகத்தை வேகவைத்துக்கொள்வதற்குச் சமம்.

பழுது நீங்காமல், பயணத்தையும் தள்ளிப்போட முடியாமல் போனால் நேரத்தை மாற்றுங்கள். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறும் முன் பாதி வழி கடந்துவிடலாம். இடையில் டீ குடிக்க நிறுத்தும்போது குழந்தைகளையோ தூங்கும் பெரியவர்களையோ கண்ணாடி ஏற்றிய காருக்குள் ஒரு நிமிடமும் விட்டுச் செல்லக்கூடாது. தெற்கு நோக்கிச் செல்லும் வண்டியில் காலை வெயில் இடப்பக்கம்தான் விழும் என்பதால், அம்மாவை ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டு, மதியத்துக்கு மேல் இடம் மாற்றிக்கொள்ளலாம்.