"விலைக்கு இன்பாக்ஸில் வரவும்": சிறுதொழில் செய்வோர் சமூக வலைத்தளங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு கைப்பையின் படத்தைப் போடுகிறீர்கள். படம் அருமை. கீழே வரிசையாக "விலை?", "விலை ப்ளீஸ்", "எவ்வளவு?" என்று கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: "இன்பாக்ஸ் பாருங்கள்." சிறுதொழில் பக்கங்களில் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான், அதிகம் நஷ்டம் தருவதும் இதுதான் என்பேன். விலையை மறைத்தால் ஆளுக்கொரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம் வரும். கேட்கக் கூச்சப்படுபவர் பேசாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். அவர் வந்ததே உங்களுக்குத் தெரியாது. விலை, அளவு, என்னென்ன நிறம், அனுப்ப எத்தனை நாள், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாமா, இவ்வளவையும் படத்தோடு சேர்த்தே எழுதுங்கள். ஆர்டருக்கு ஏற்ப விலை மாறும் தொழிலா? குறைந்தபட்ச விலையையாவது சொல்லுங்கள்.

அடுத்தது தாமதம். இரவு ஒன்பதரைக்கு ஒருவர் "இது நீலத்தில் இருக்கிறதா?" என்று கேட்கிறார். மறுநாள் மதியம் "இருக்கிறது" என்று பதில் போகிறது. அதற்குள் அவர் வேறு இடத்தில் வாங்கியிருப்பார். நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, சரி. அதற்குத்தான் 2018இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இருக்கிறது. இலவசம்தான். கடை மூடிய நேரத்தில் தானாகப் போகும் செய்தியை அதில் எழுதி வைக்கலாம். அடிக்கடி வரும் கேள்விகளுக்கான பதில்களைச் சேமித்துவிட்டால், சாய்கோடு ஒன்றைத் தட்டினாலே அவை வந்து நிற்கும். பணம் வரவேண்டியவர், பணம் கொடுத்தவர் என்று லேபிள் போட்டும் பிரிக்கலாம். பலர் இந்தச் செயலியை வைத்திருந்தும் இவற்றைத் திறந்தே பார்ப்பதில்லை.

அதே வாட்ஸ்அப்பில் இன்னொரு தவறும் நடக்கிறது. கிடைத்த எண்களையெல்லாம் கேட்காமல் ஒரு குழுவில் சேர்த்துவிடுகிறார்கள். ஒருவர் எண் முன்பின் தெரியாத மற்றவர்களுக்கெல்லாம் தெரிந்துவிடுகிறது. இது மரியாதை இல்லாத செயல். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் போடுங்கள். உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போகும். அதனால் முதல் விற்பனையின்போதே "எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதுச் சரக்கு வந்தால் சொல்கிறோம்" என்று கேட்டுவிடுங்கள்.

ஃபேஸ்புக்கில் தொழிலின் பெயரில் தனிநபர் கணக்கு திறப்பது விதிக்குப் புறம்பு. 5,000 நண்பர்களோடு அது நின்றும்விடும். தொழிலுக்கென்றே உள்ள 'பக்கம்' (பேஜ்) திறப்பதுதான் சரி. காசு கொடுத்து ஃபாலோயர்களை வாங்குவதோ வெறும் வீண். போலிக் கணக்கு எதுவும் வாங்காது, கேள்வி கேட்காது. ஆள் நிறைய, அசைவே இல்லை என்றால் பார்க்கிறவர்களுக்கும் புரிந்துவிடும். எல்லாத் தளத்திலும் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உங்கள் வாடிக்கையாளர் எங்கே இருக்கிறாரோ அங்கே ஒன்றிரண்டு போதும்.

குறை சொல்லும் கமெண்டை அழிக்காதீர்கள். அழித்தால் அவர் ஸ்கிரீன்ஷாட்டோடு திரும்பி வருவார். "தவறு எங்களுடையது, மாற்றித் தருகிறோம்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதி, சொன்னபடி செய்யுங்கள். அதைப் படிக்கும் புதியவர்களுக்கு உங்கள்மேல் நம்பிக்கை வரும்.

அப்புறம் சாவி யாரிடம் இருக்கிறது என்ற விஷயம். பக்கத்தை நடத்தும் ஊழியர் வேலையை விட்டுப் போனால் பக்கமும் அவரோடு போய்விடக் கூடாது. முழு அதிகாரம் உரிமையாளர் கணக்கில் இருக்கட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இன்றே போடுங்கள். "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் முடக்கப்படும்" என்று இணைப்போடு வரும் மிரட்டல் செய்திகள் பெரும்பாலும் கடவுச்சொல்லைத் திருடும் வலைதான், தொடாதீர்கள். தளமே மூடப்படவும் கூடும்: 2019இல் கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் மூடப்பட்டபோது அங்கே சேர்த்த ஆட்களும் பதிவுகளும் அதோடு போயின. வாடிக்கையாளர்களின் பெயரையும் எண்ணையும், அவர்கள் சம்மதத்தோடு, தனியாக ஒரு நோட்டிலோ எக்செல்லிலோ எழுதி வையுங்கள்.