யாரோ விற்ற என் ஆல்பம்

நான் கேள்வியே படாத ஒரு இணையக் கடையில் என் ஆல்பம் விற்பனைக்குக் கிடந்தது. திட்டி எழுதும் முன், என் விநியோகஸ்தர் பாட்டு அனுப்பும் கடைகளின் பட்டியலைப் பார்த்தேன். பல நேரம் நாமே டிக் போட்டுவிட்டு மறந்திருப்போம்! இந்தக் கடை அதில் இல்லை.

சரி, திருட்டுதான். ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொரு பாட்டின் சுட்டி எல்லாம் சேர்த்துக் கடைக்கு எழுதினேன், பதிலே இல்லை. அப்புறம் அந்தத் தளம் இயங்கும் சர்வர் நிறுவனத்தைத் தேடிப் பிடித்தேன். அது அமெரிக்க நிறுவனம் என்பதால் 1998ஆம் ஆண்டின் டிஎம்சிஏ என்ற அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நீக்கல் நோட்டீஸ் அனுப்பினேன். இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை என்று உண்மையாகவே நம்புகிறேன் என்ற உறுதிமொழியும் கையெழுத்தும் அதில் கட்டாயம். கோபத்தில் இரண்டையும் விட்டுவிட்டேன், திருப்பிவிட்டார்கள். திருத்தி அனுப்பிய மூன்றாம் நாள் பக்கம் காணாமல் போனது. விற்ற காசுதான் வரவில்லை.