ஜாக்கெட் ஒழுகவில்லை, மூச்சுத் திணறியது

ஜெர்மன் தயாரிப்பு, மூன்று அடுக்கு மழை ஜாக்கெட். விலையைச் சொன்னால் வீட்டில் திட்டுவார்கள். வாங்கிய மூன்றாம் வருடம், ஹோலன்டால் பள்ளத்தாக்கு வழியாக ஜெர்மனியின் மிக உயரமான சிகரமான 2962 மீட்டர் சூக்‌ஷ்பிட்சே ஏறும்போது மழை. தோள்பட்டை சொதசொதவென்று ஆகிவிட்டது. ஓட்டை என்றே நினைத்தேன். வீட்டில் தோள் பகுதியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒரு சொட்டும் கசியவில்லை. ஈரம் என் வியர்வைதான்! பை வார் உரசிய இடத்தில் அழுக்கும் சன்ஸ்க்ரீனும் படிந்து, நீர்விலக்கும் பூச்சு செத்திருந்தது. மேல்துணி தண்ணீரைக் குடித்துவிட்டால் வியர்வை ஆவி சரியாக வெளியேறாது.

லேபிளில் இருந்தபடி 40 டிகிரியில், ஜிப்பெல்லாம் மூடி, கொஞ்சம் திரவ சோப்பில் துவைத்தேன். சாஃப்ட்னர் கூடவே கூடாது. அப்புறம் ட்ரையரில் மிதமான சூட்டில் அரை மணி. பூச்சுக்கு உயிர் கொடுப்பது அந்தச் சூடுதான். குழாயடியில் பிடித்தேன்: தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டோடியது. இடது தோளில் மட்டும் கொஞ்சம் ஒட்டியது. அங்கே நீர்விலக்கி ஸ்ப்ரே அடித்தேன்.